குகனுக்குக் கேட்காத வாக்குப் பெட்டி

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் கழன்று விழுகிறது என்று முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல்தான் என்னை முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பியது. கூடவே ஐந்து படங்கள் வந்திருந்தன. நான்கில் கழன்ற சக்கரங்கள். ஐந்தாவதில், முன்சக்கரம் இல்லாத நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திட்டி எழுதியிருந்தால் எங்கள் முதலாளி பதில் கடிதத்தோடு நிறுத்தியிருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

கோவையில் நான் வேலை செய்வது சக்கர நாற்காலி தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில். அந்த நாற்காலியை வரைந்தவள் நான்தான். வரையும்போது மருத்துவமனையின் வழவழப்பான தரைதான் என் மனதில் இருந்தது. முல்லைத்தீவு இருக்கும் வன்னியில் அந்த மாதிரித் தரை குறைவு, மணல் அதிகம். அகலமான முன்சக்கரங்கள் இருபத்துநான்கையும் ஒரு பை நிறையக் கருவிகளையும் தூக்கிக்கொண்டு மாங்குளம் ரயில் நிலையத்தில் இறங்கினேன்.

அழைத்துப்போக வந்தவர் அந்தப் பகுதி மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் தலைவர் தவராசா. ஐம்பது வயதிருக்கும். எட்டு வருடங்களாக அவர்தான் தலைவர். வலக்கால் தொடையோடு முடிந்துவிட்டிருந்தது. சொந்த ஆட்டோ வைத்திருந்தார். கால் பிரேக்குக்குப் பதிலாகக் கையால் இழுக்கும் கம்பி ஒன்றை அதில் பொருத்தியிருந்தார்.

"இது என்ர சொந்தக் கண்டுபிடிப்பு, பிள்ளை. இந்தியாவில இருக்கோ?"

இல்லை என்றேன். பத்துக் கிலோமீட்டர் போனதும் அது ஏன் இந்தியாவில் இல்லை என்பது தெரிந்தது. கம்பி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அவர் பின்னால் திரும்பி, கடையில் மிச்சச் சில்லறை கொடுப்பதுபோல அதை என்னிடம் நீட்டினார்.

"இதை ஒருக்காப் பிடியுங்கோ. பயப்பிடாதேங்கோ, உது அடிக்கடி கழருறதுதான்."

ஆட்டோ தானாகவே உருண்டு ஓய்ந்து நின்றது. என் பையில் அந்த அளவில் நட்டு இல்லை. ஒரு கம்பித் துண்டைக் கட்டிப் பின்சீட்டுவரை கொண்டுவந்தேன். அவர் "பிரேக்" என்றால் நான் இழுக்க வேண்டும். "மெல்ல" என்றால் மெல்ல இழுக்க வேண்டும். அப்படித்தான் நான் சங்கம் இருக்கும் தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தேன், பயணியாகவும் பிரேக்காகவும். வழியில் அந்த பிரேக்கைக் கண்டுபிடித்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். கதையில் பிரேக் என்ற சொல் வந்தது. நான் இழுத்தேன். நடுரோட்டில் நின்றோம். பின்னால் வந்த பஸ் எங்களை உரசாமல் ஒதுங்கிப் போனது. அதன் நடத்துநர் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"கதையில வாறதுக்கெல்லாம் இழுக்கக் கூடாது பிள்ளை" என்றார் தவராசா, பொறுமையாக.

மீதி வழியில் தேர்தலைப் பற்றிச் சொன்னார். பிரதேச சபைத் தேர்தல் வருகிறது. ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்சிகளும் சங்கத்துக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அதனால் இந்த முறை சங்கமே சுயேச்சைக் குழுவாக நிற்கிறது. ஓர் ஆசனமாவது கிடைக்கும் என்று நம்பிக்கை. அந்த ஆசனத்துக்குரிய முதல் வேட்பாளர் யார் என்பதைச் சனிக்கிழமை முடிவு செய்ய வேண்டும்.

"யாராக இருக்கும்?" என்றேன்.

"நான்தான். முடிவைச் சனிக்கிழமை எடுப்பம்."

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் வேலையைத் தொடங்கினேன். வாசலில் இருந்த பெயர்ப்பலகையில், இப்போதைய பெயருக்கு அடியில் பழைய பெயர்கள் மூன்று மங்கலாகத் தெரிந்தன. நான் அதைப் படிக்க முயல்வதைப் பார்த்து ஒரு பெண் சிரித்தார். அதே ஐந்தாவது படத்துச் சிரிப்பு.

"ஒவ்வொரு முறையும் எங்களுக்கு மரியாதையான பெயர் ஒண்டு கண்டுபிடிக்கினம். மரியாதை கூடக் கூட பெயின்ற் தடிச்சுக்கொண்டு போகுது. வேறொண்டும் மாறேல்லை."

அவர் செல்வராணி, சங்கத்தின் செயலாளர். முதுகுத்தண்டில் காயம்பட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீட்டில் நூறு கோழி வளர்க்கிறார். நான் ஒரு சக்கரத்தைக் கழற்றும் நேரத்தில் அவர் இரண்டைக் கழற்றினார். ஒன்பது மணிக்கு ஒருமுறை, பத்தரைக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை தேநீர் வந்தது. மூன்று முறையும் அவர் கோப்பையைத் தொடவில்லை.

"டீ பிடிக்காதா அக்கா?"

"பிடிக்கும். பிரதேச சபைக்குப் போற நாளில குடிக்கிறேல்லை. பின்னேரம் போகவேணும். அங்க கக்கூசுக்கு நாலு படி. சந்தையில ஏழு படி. காலமை ஆறு மணிக்குப் பிறகு தண்ணி குடிச்சால் அரசாங்க அலுவல் ஒண்டும் பார்க்கேலாது." ஒரு நட்டை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தரம் கிட்னியில கல்லு வந்தது. ரெண்டையும் கழுவித் துடைச்சுச் சபைக்கு அனுப்பிவைப்பம் எண்டு யோசிச்சனான்."

எங்கள் ஊரில் சாய்தளம் கட்டுவார்கள், கட்டியதும் அதன்மேல் பூந்தொட்டி அடுக்குவார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போனது. பூந்தொட்டி வைக்கிற அளவுக்கு முன்னேற்றம் இங்கே இன்னும் வரவில்லை என்றார். முதல் வேட்பாளர் இடத்துக்குத் தானும் போட்டியிடப் போவதாகவும் சொன்னார்.

"அதனால்தான் தேர்தலில் நிற்க நினைக்கிறீர்களா?"

"ஓம். என்னை ஒருக்கா உள்ள விடட்டும். அந்த நாலு படியையும் உடைக்கும்வரைக்கும் எழும்பமாட்டன்." கொஞ்சம் யோசித்து, "எழும்பவும் ஏலாதுதானே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் சனிக்கிழமை கை உயர்த்திற வாக்கெடுப்பு. தலைவருக்கு முன்னால ஆர் எனக்குக் கை உயர்த்துவினம்? பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கிறது அவற்ற ஓட்டோதான். நல்ல மனிசன். அதுதான் கரைச்சல்."

கை உயர்த்தும் முறையை அன்று மாலையே பார்த்தேன். செல்வராணி பிரதேச சபைக்குப் போய்த் திரும்பியதும், புதுச் சக்கரங்கள் முதலில் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கக் கூட்டம் கூடியது. தவராசா முதலில் தன் கையை உயர்த்தினார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார். கைகள் உயர்ந்தன. பார்வையில்லாத குகனும் கையை உயர்த்திவிட்டு, "எத்தினை பேர் உயர்த்தியிருக்கினம்?" என்று கேட்டார். "எல்லாரும்" என்றார் தவராசா. செல்வராணி கூட்டக் குறிப்பில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இல்லை, நடுநிலை ஒன்று.

"அந்த ஒண்டு நான்தான்" என்றது ஒரு பெரிய குரல். மரியதாஸ். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலேயே இல்லை. "எட்டு வருசமா எல்லாத்திலயும் நான் நடுநிலை. உயர்த்திறதுக்குக் கை வேணுமெல்லே. ஒருக்கா எழும்பி நிண்டு காட்டினனான். 'கூட்டத்திலிருந்து வெளியேறினார்' எண்டு எழுதிப்போட்டினம்."

"அப்ப இருந்தது வேற செயலாளர்" என்றார் செல்வராணி.

சனிக்கிழமை இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று மரியதாஸ் கேட்டார். அரசாங்கத் தேர்தல்போலக் கடதாசியில் போடலாமே என்றார் யாரோ. குகன் குறுக்கிட்டார். "எனக்குக் கடதாசி சரிவராது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போறனான். வெளியில வந்து 'ஆருக்கடா போட்டனி' எண்டு கேட்டால், 'நல்ல ஆளுக்குத்தான் அண்ணை' எண்டுறான்."

யாருடைய துணையும் இல்லாமல் எல்லோரும் போடக்கூடிய வழி வேண்டும் என்று பேச்சு வந்ததும், அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. குகனின் முகம் உட்பட. "அதுதான் கோயம்புத்தூரில இருந்து இஞ்சினியர் வந்திருக்கிறாவே" என்றார் மரியதாஸ்.

தவராசாவுக்கு அதில் மறுப்பே இல்லை. "இரகசியமாப் போட்டால் எனக்கு இன்னும் கூடத்தான் விழும். வெக்கப்பட்டுக் கை உயர்த்தாமல் இருக்கிறவையும் போடுவினம்." இரகசிய வாக்கெடுப்பு வேண்டுமா என்பதைக் கை உயர்த்தித்தான் முடிவு செய்தார்கள். எல்லோரும் ஆதரவு. தீர்மானத்தைக் கொண்டுவந்த மரியதாஸ் நடுநிலை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பட்டியல் எழுதினேன்.

ஒன்று, கை இல்லாதவரும் போட வேண்டும். இரண்டு, பார்வை இல்லாதவர் தனியாகப் போட வேண்டும். மூன்று, சக்கர நாற்காலி திரைக்குள் திரும்ப இடம் வேண்டும். நான்கு, காது கேளாதவருக்கு விளக்கம் படமாக இருக்க வேண்டும். ஐந்து, யார் யாருக்குப் போட்டார் என்பது வெளியே தெரியக் கூடாது. ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் சுலபம், ஒரு திரை போட்டால் போதும் என்று அதற்கு எதிரிலேயே சரி என்று குறியும் போட்டுவிட்டேன்.

கழற்றிய பழைய சக்கரங்களின் பேரிங்குகளைப் பிரித்து எஃகுக் குண்டுகளை எடுத்தேன். அவைதான் வாக்குகள். ஒரு பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, சீசோ பலகைபோல நடுவில் ஊன்றினேன். திரைக்கு வெளியிலிருந்து நான் மேலே ஒரு குண்டைப் போடுவேன், அது குழாயின் நடுவில் வந்து நிற்கும். உள்ளே இருப்பவர் குழாயை இடப்பக்கம் சாய்த்தால் தவராசாவின் பெரிய பிஸ்கட் தகரத்தில் விழும். வலப்பக்கம் சாய்த்தால் செல்வராணியின் சின்னப் பால்பவுடர் தகரத்தில் விழும். கையால் சாய்க்கலாம், காலால் சாய்க்கலாம், தாடையாலும் சாய்க்கலாம். மரியதாஸ் முழங்காலால் சாய்த்துப் பார்த்துவிட்டு ஏலக்குரலில் "பாசாயிற்று!" என்று அறிவித்தார்.

திரையைத் தைத்தவள் நிலானி. காது கேளாதவள், இருபத்திரண்டு வயதுத் தையற்காரி. அவள் சைகைக்குச் செல்வராணி குரல் கொடுப்பார். மதியம், மண்டபத்தின் மறுகோடியில் தவராசா இரண்டு பேரிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிலானி தைப்பதை நிறுத்திவிட்டு அவருடைய வாயையே பார்த்தாள். பிறகு மண்டபம் முழுக்கத் தெரியும்படி கைகளை வீசிச் சைகை செய்தாள். செல்வராணி உரக்கச் சொன்னார்: "தலைவர் வெண்டால் எல்லாருக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸாம்."

"அது பகிடிக்குச் சொன்னது" என்றார் தவராசா, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு.

எனக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸால் பயனில்லை. நான் சைவம். அன்று மதியம் எனக்கென்று தனியாகப் பிட்டும் சம்பலும் கொண்டுவந்திருந்தார் தவராசாவின் மனைவி. இவ்வளவு ருசியான சம்பலைச் சாப்பிட்டதே இல்லை என்று இரண்டாவது முறை வாங்கியபோது, இதில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். தேங்காய், மிளகாய், வெங்காயம், மாசி என்றார். மாசி மீன் அல்லவா என்றேன்.

"சீச்சீ, மீன் இல்லைப் பிள்ளை. மாசி" என்றார், என்னை ஆறுதல்படுத்தும் குரலில். தட்டில் மிச்சம் எதுவும் இல்லாததால் நான் விவாதிக்கவில்லை.

சனிக்கிழமை முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். படம் போட்டு விளக்கினோம். திரை கட்டினோம். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். ஒன்பதாவது ஆள் வெளியே வந்ததும், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த குகன், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்:

"தலைவர் அஞ்சு, செல்வராணி அக்கா நாலு."

வரிசையில் இருந்தவர்கள் குகன் பக்கம் திரும்பினார்கள்.

"எப்பிடியடா தெரியும்?" என்றார் தவராசா.

"பெரிய தகரம் டொம் எண்டுது, சின்னத் தகரம் டிங் எண்டுது. நான் ஒட்டுக் கேக்கேல்லை அண்ணை. காது தானாத் திறந்து கிடக்கு."

நான் என் பட்டியலின் ஐந்தாவது வரியை நினைத்தேன். திரையும் தகரமும் பார்வையுள்ளவள் ஒருத்தி பார்வையுள்ளவர்களுக்காக யோசித்தவை. மருத்துவமனைத் தரையை நினைத்து மணலுக்கு நாற்காலி வரைந்த அதே ஆள்தான்.

தவராசாவின் முகம் மாறியிருந்தது. வாக்கு கசிந்தது அவருக்குப் பெரிதாகப்படவில்லை. நாலு பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அவரைத் தாக்கியது. "ஆர் அந்த நாலு பேர்? உனக்கு ஆக்களின்ர நடையும் தெரியும்தானே?"

தெரியும். குகனுக்கு ஊன்றுகோலின் தட்டலிலும் சக்கரத்தின் கீச்சொலியிலும் ஊரையே தெரியும். உள்ளே போய் வந்த ஒன்பது பேரும் அவரவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் மாதம் இரண்டு முறை தவராசாவின் ஆட்டோவில் கிளினிக்குக்குப் போகிறவர். அவர் உதட்டைக் கடித்தபடி இருந்தார். குகன் வாயைத் திறந்தார்.

"குகன், வாயை மூடு!" செல்வராணியின் குரல் அவ்வளவு உயரும் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலியை நடுவுக்கு உருட்டி வந்தார். "அண்ணை, அந்த ஆக்களின்ர பெயர் ஒண்டு வெளியில வந்தாலும் நான் விலகுறன். உங்கட பெயரையே எழுதுங்கோ. எனக்குப் போட்டதுக்காக ஒருத்தரும் நாளைக்கு பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது."

"நான் ஆரையாவது இறக்கிவிட்டனானோ?" தவராசாவுக்கு உண்மையிலேயே வலித்தது. "ஒருத்தரையாவது?"

"இல்லை. அந்த நன்றிக்கடனுக்காகத்தான் எல்லாரும் பயப்பிடுகினம்."

குகன் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஆரெண்டு மறந்துபோச்சு" என்றார். அவருக்கு எதுவும் மறப்பதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "அதோட, இஞ்சினியர் தங்கச்சி புதுச்சில்லுப் போட்டாப் பிறகு வீல்செயார் ஒண்டும் சத்தம் போடுகுதில்லை. என்ர பிழைப்பே கெட்டுப்போச்சு."

"எல்லாத்தையும் விட்டுட்டுக் கையை உயர்த்துவம்" என்றார் தவராசா. மரியதாஸ் எழுந்து நின்றார். இந்த முறை யாரும் அதை வெளியேற்றம் என்று எழுதவில்லை. "போட்ட ஒன்பதும் ரத்து! தகரம் ரெண்டையும் ஊமையாக்கு! முதல்ல இருந்து போடுவம்!" என்று ஏலம் கூறினார். மீன் வாங்க வந்தவர்களைப்போல எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

வழி சொன்னவள் நிலானி. சண்டையின் பாதியிலேயே போய், தையல் மேசைக்கு அடியிலிருந்து வெட்டுத்துணி மூட்டையை இழுத்து வந்திருந்தாள். தகரங்களில் துணியைத் திணித்தோம், குழாயையும் துணியால் சுற்றினோம். குகனைத் திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோதித்தேன். பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார். இன்னும் திணித்தோம். பத்துக்கு ஐந்து.

"உவன் கேட்டுக்கொண்டே கேக்கேல்லை எண்டுறான்" என்றார் தவராசா.

குகன் கொதித்துப்போனார். "என்ர காதைப் பற்றி இதுவரைக்கும் ஒருத்தரும் இப்பிடிக் கதைச்சதில்லை!"

ஒவ்வொரு சரியான விடைக்கும் தலைவர் ஒரு ரோல்ஸ் தர வேண்டும் என்று மரியதாஸ் பந்தயம் வைத்தார். குகன் மூச்சை அடக்கி, கழுத்தை நீட்டி, உயிரைக் கொடுத்துக் கேட்டார். பத்துக்கு ஐந்துதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். என் தொழில் வாழ்க்கையில் ஒரு பொருள் இவ்வளவு அழகாகச் சோதனையில் தேறியதில்லை. குகன் ஐந்து ரோல்ஸ் வென்றும் அவமானப்பட்டவராகவே இருந்தார்.

மறுபடியும் முப்பத்தேழு பேரும் போட்டார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. மூடியைத் திறந்து, துணியை உதறி, எல்லோர் முன்னாலும் எண்ணினோம். தவராசா பதினைந்து. செல்வராணி இருபத்திரண்டு.

தவராசா தானே மூன்று முறை எண்ணினார். தரையில் தடவி, உருண்டுபோன குண்டு எதுவும் உண்டா என்று பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வொருவரிடமும் நின்று ஒரே கேள்வி கேட்டார். நான் ஒரு பழக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தேன்.

"நான் உங்களுக்குத்தான் அண்ணை போட்டனான்." "உங்களுக்குப் போடாமல் வேற ஆருக்கு?" "சத்தியமா அண்ணை." கிளினிக்குக்குப் போகும் பெண், "இதென்ன கேள்வி?" என்று கோபித்துக்கொண்டார். குகன் தன் இரண்டு காதுகள்மேல் ஆணையிட்டார். முப்பத்தொரு பேர் தவராசாவுக்குப் போட்டிருந்தார்கள். பதினைந்து குண்டுகள்.

"பிள்ளை, உம்மட மெசினிலதான் ஏதோ பிழை" என்றார் என்னிடம் வந்து.

இருக்கலாம் என்றேன். என் பெயருக்கு ஏற்கெனவே ஒரு சக்கரமும் ஒரு தகரமும் பிழையாக இருந்தன, மூன்றாவதை மறுக்கத் தோன்றவில்லை.

வேட்புமனுப் படிவம் மேசையில் கிடந்தது. சங்கத்தில் நல்ல கையெழுத்து தவராசாவுடையதுதானாம். அவர் நீண்ட நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து, முதல் வரியில் செல்வராணியின் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அழகாக. "தொழில்?" என்றார் தலை நிமிராமல்.

"கோழி வளர்ப்பு."

எழுதி முடித்து, மையை ஊதிக் காயவைத்து, படிவத்தைச் செல்வராணியின் மடியில் வைத்தார். செல்வராணி அதைச் செயலாளர் பழக்கத்தில் முதல் எழுத்திலிருந்து சரிபார்த்தார். தவராசா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் கோபமில்லை. கணக்கில் புலியான ஆளின் முகம் அது.

"எனக்குப் போட்ட முப்பத்தொரு பேரும் திங்கக்கிழமை காலமை ஏழு மணிக்கு இஞ்ச நிக்கோணும். செல்வராணிக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாப் போறம். ஓட்டோ ரெடி. வராத ஆள் ஆரோ, அந்த ஆள்தான் எனக்குப் போடேல்லை எண்டு நான் முடிவெடுப்பன்."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மெல்ல, ஆறரைக்கே வந்துவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டது.